படம் வந்தது, கைக்கு என்ன வந்தது?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்துவிட்டு, இப்போது கல்லூரி லேபில் பைத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் சந்தேகங்களைப் பார்த்துவருகிறேன். வேப்பந்தட்டையிலிருந்து வந்தாலும் ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தாலும் கேள்வி ஒரே அச்சுதான்: "அண்ணா, படம் நல்லா வருது. ஆனா அடுத்த வரியில எர்ரர் அடிக்குது. படம்தான் வந்துருச்சுல்ல, அப்புறம் ஏன்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருப்பதைவிட எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

"படம்தான் வந்துருச்சுல்ல" என்கிற இடத்தில்தான் சிக்கல். திரையில் படம் வரைவது ஒரு வேலை. வரைந்த ஃபங்ஷன் உங்கள் கையில் எதைத் திருப்பித் தருகிறது என்பது வேறு சங்கதி. முதலாவது சரியாக நடந்துவிட்டது என்பதால் இரண்டாவதும் நீங்கள் நினைத்தபடி நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பும் எர்ரர்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டதால் வந்தவை.

இதற்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பிளஸ் டூ புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். 7ஆம் பாடம் ஃபங்ஷன்; ரிட்டர்ன் அங்கே வருகிறது. 16ஆம் பாடம், கடைசிப் பாடம், பைபிளாட் வைத்துக் கோட்டுப் படமும் பட்டைப் படமும் வட்டப் படமும் போடுவது. நடுவில் ஸ்ட்ரிங், லிஸ்ட், கிளாஸ், எஸ்க்யூஎல், சிஎஸ்வி, சி பிளஸ் பிளஸ் என்று எட்டுப் பாடம். பதினாறுக்கு வந்து சேரும்போது ரிவிஷன் டெஸ்ட் தலைக்கு மேல் நிற்கும். "இந்த பிளாட் என்பதும் 7ஆம் பாடத்து ஃபங்ஷன்தான், இதுவும் எதையோ திருப்பித் தருகிறது, அது என்ன?" என்று கேட்கப் பெரும்பாலும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ரெக்கார்டு நோட்டிலும் படத்தின் பிரிண்ட் அவுட்டை ஒட்டினால் டிக் விழுந்துவிடும். கல்லூரிக்குப் போய் அந்தப் படத்தை மாற்ற வேண்டும், சேமிக்க வேண்டும், இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று வரும்போதுதான் வண்டி நிற்கிறது.

ஒரு சின்ன விஷயம் சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். இந்த மடலில் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும்; மழை, ஆண்டு என்று அப்படியே எழுதி ஓட்டிப் பார்க்கலாம். ஃபங்ஷன் பெயர்களை மட்டும் நீங்கள் லேபில் அடிக்கிற ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு மழைக் கணக்கையே எடுப்போம். நம் ஊருக்கும் மழைக் கணக்குக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. நம் பக்கத்துக் கிரெட்டேஷியஸ் காலப் பாறைகளைச் சுற்றிப் பார்த்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்கடுக்காகப் பிரித்து 1862இல் எழுதியவர் ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற புவியியலாளர். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக உட்கார்ந்ததும் அதே ஆள்தான். காரைப் பக்கம் அம்மோனைட் பொறுக்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி. ஆண்டு என்று ஒரு லிஸ்ட், மழை என்று ஒரு லிஸ்ட். இரண்டையும் கொடுத்து, கோடு = பிளாட்(ஆண்டு, மழை) என்று எழுதுகிறீர்கள். படம் வருகிறது. கோட்டைச் சிவப்பாக்கலாமே என்று அடுத்த வரியில் கோடு.செட்_கலர் என்று போடுகிறீர்கள். ஆட்ரிபியூட் எர்ரர். லிஸ்டுக்கு அப்படி ஒரு ஆட்ரிபியூட் இல்லை என்கிறது. "நான் எங்கே லிஸ்ட் கொடுத்தேன்? கோடுதானே?" என்று கேட்டு மூன்று பேர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தீர்கள்.

பிளாட் கோட்டைத் தருவதில்லை. கோடுகள் அடங்கிய ஒரு லிஸ்டைத் தருகிறது. நீங்கள் வரைந்தது ஒரே கோடு என்றாலும் ஒரு கோடு உள்ள லிஸ்ட்தான் வரும். காரணம், அதே ஒரு அழைப்பில் எத்தனை கோடு வேண்டுமானாலும் வரையலாம். பிளாட்(ஆண்டு, பெரம்பலூர்மழை, ஆண்டு, அரியலூர்மழை) என்று நீட்டி எழுதினால் இரண்டு கோடு. லிஸ்டின் நீளம் 2. ஒரு கோடு வந்தால் கோடாகவும் இரண்டு வந்தால் லிஸ்டாகவும் கொடுத்தால், அதை வாங்குகிறவன் ஒவ்வொரு முறையும் எது வந்தது என்று சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் எப்போதும் லிஸ்ட் என்று முடிவு செய்துவிட்டார்கள். நல்ல முடிவு என்றே நினைக்கிறேன், முதல் நாள் எரிச்சலாக இருந்தாலும்.

முடிவு செய்தவர்கள் என்றால் யார்? பைபிளாட் அடங்கிய மேட்பிளாட்லிப்பை எழுதியவர் ஜான் ஹண்டர். அமெரிக்காவில் நரம்பியல் ஆராய்ச்சியில் இருந்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைப் பதிவுகளைத் திரையில் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. மேட்லாப் மென்பொருளில் செய்துகொண்டிருந்ததைப் பைத்தானில் செய்ய ஆரம்பித்து 2003இல் வெளியிட்டார். மேட்லாபில் பழகிய கை தடுமாறக் கூடாது என்று அதன் பாணியையே பின்பற்றினார். அங்கேயும் பிளாட் என்றால் வரைந்த கோடுகளின் பிடிகள் வரிசையாகக் கைக்கு வரும். 2012 ஆகஸ்டில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் அவர் காலமானபோது வயது 44. உங்கள் 16ஆம் பாடம் முழுவதும் அவர் போட்ட பாதைதான்.

திரும்பவும் கோட்டுக்கு வருவோம். லிஸ்டிலிருந்து கோட்டை எடுக்க இரண்டு வழி. கோடுகள் = பிளாட்(...) என்று வாங்கி, கோடுகள்[0] என்று எடுக்கலாம். அல்லது புத்தகங்களில் நீங்கள் பார்த்து அச்சுப்பிழை என்று நினைத்திருக்கக்கூடிய ஒன்று: கோடு, = பிளாட்(...). கோடு என்ற பெயருக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. அது பிழையில்லை. "உள்ளே ஒன்றுதான் இருக்கிறது, பிரித்து இந்தப் பெயரில் வை" என்று அந்தக் காற்புள்ளி சொல்கிறது. அதை அழித்தால் மேலே சொன்ன எர்ரர். அதே காற்புள்ளியை வைத்துக்கொண்டு இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து வரைந்தால் வேறு எர்ரர்: பிரிக்க வேண்டியது ஒன்றுதான் என்று எதிர்பார்த்தேன், அதிகமாக வந்துவிட்டது என்று வேல்யூ எர்ரர். அப்போது கோடு1, கோடு2 = பிளாட்(...). இரண்டு நெடுவரிசை உள்ள ஒரு பாண்டாஸ் டேட்டாஃபிரேமை அப்படியே ஒய் அச்சுக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு கோடு.

கோலாப்பில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்று கேட்கிறீர்கள். படத்துக்கு மேலே சதுர அடைப்புக்குள் லைன்2டி என்று ஏதோ புரியாத எழுத்து வருகிறதே, அது என்ன எர்ரர்? எர்ரரே இல்லை. செல்லின் கடைசி வரி எதைத் திருப்பித் தருகிறதோ அதை நோட்புக் அச்சடித்துக் காட்டும். பிளாட் தந்த லிஸ்ட்தான் அது. வேண்டாமென்றால் வரியின் கடைசியில் அரைப்புள்ளி போடுங்கள், மறைந்துவிடும். ஆனால் ஆரம்பத்தில் மறைக்காதீர்கள். எது கைக்கு வருகிறது என்பதைச் செலவில்லாமல் சொல்லிக்கொடுக்கும் இடம் அது.

இனி நீங்களே எழுதும் ஃபங்ஷன். உங்களை அதிகம் படுத்துவது இதுதான்.

மழைப்படம் என்று ஒரு ஃபங்ஷன் எழுதுகிறீர்கள். உள்ளே பிளாட், டைட்டில், கடைசியாக ஷோ. வெளியே வந்து படம் = மழைப்படம்(ஆண்டு, மழை). திரையில் படம். அடுத்த வரி படம்.சேவ்ஃபிக்('மழை.பிஎன்ஜி'). டமால்: நன்டைப்புக்கு சேவ்ஃபிக் கிடையாது. இங்கேதான் 7ஆம் பாடத்தை ஒரு தரம் புரட்ட வேண்டும். ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷன் நன் என்பதைத்தான் திருப்பித் தரும். ஷோவும் நன்தான் தரும், ஆகையால் ரிட்டர்ன் ஷோ() என்று எழுதி ஏமாற்றவும் முடியாது. நீங்கள் படம் என்று பெயர் வைத்த மாறிக்குள் எதுவுமே இல்லை. படம் திரையில் மட்டும் இருக்கிறது.

"அப்படியென்றால் ஃபங்ஷனுக்கு வெளியே, ஷோவுக்குப் பிறகு, வெறும் பிஎல்டி.சேவ்ஃபிக் என்று போட்டுவிடுகிறேன்" என்று ஒரு தம்பி குறுக்குவழி கண்டுபிடித்தார். எர்ரர் வராது. வெள்ளைத்தாள் சேமிக்கப்படும். ஸ்கிரிப்டாக ஓட்டும்போது ஷோ காட்டிய ஜன்னலை மூடியதும் பைபிளாட் அந்தப் படத்தைக் கைவிட்டுவிடும். பிறகு சேவ்ஃபிக் என்றால் புதிதாக ஒரு காலிப் படத்தை உண்டாக்கி அதைச் சேமிக்கும். எர்ரர் வந்திருந்தாலாவது பரவாயில்லை. புராஜெக்ட் ரிப்போர்ட்டில் வெள்ளைக் கட்டத்தை ஒட்டிவிட்டு ரிவ்யூ அன்றைக்குத்தான் பார்ப்பீர்கள்.

செய்ய வேண்டியது இது. ஃபங்ஷனின் முதல் வரியில் தாள், அச்சு = சப்பிளாட்ஸ்(). வரைவதெல்லாம் அச்சு.பிளாட், அச்சு.செட்_டைட்டில் என்று. கடைசி வரி ரிட்டர்ன் தாள், அச்சு. ஷோவை ஃபங்ஷனுக்குள் வைக்காதீர்கள். அழைத்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாள் கையில் இருந்தால் ஷோவுக்கு முன்னாலும் பின்னாலும் தாள்.சேவ்ஃபிக் வேலை செய்யும்.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. சப்பிளாட்ஸ் தருவது இரண்டு: முதலில் தாள், பிறகு அச்சு. வரிசையை மாற்றி அச்சு, தாள் = சப்பிளாட்ஸ்() என்று எழுதினால் பைத்தான் எதுவும் சொல்லாது, அதற்கு உங்கள் தமிழ் தெரியாது. அச்சு.பிளாட் என்று அழைக்கும்போதுதான் ‘ஃபிகருக்கு பிளாட் இல்லை’ என்று முனகும். இரண்டையும் திருப்பித் தரும் உங்கள் மழைப்படத்தை, படம் = மழைப்படம்(...) என்று ஒரே பெயரில் வாங்கினால் அது டியூப்பிள், டியூப்பிளுக்கு சேவ்ஃபிக் கிடையாது. எர்ரரின் கடைசி வரியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நன்டைப், லிஸ்ட், டியூப்பிள், ஃபிகர் என்று உங்கள் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை அதுவே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அதைவிட நல்ல துப்பு வேறு யாரும் தர முடியாது.

இரண்டு மாவட்டத்துக்கும் படம் போடச் சொன்னால் ஃபார் லூப் எழுதுவீர்கள். "அண்ணா, பெரம்பலூருக்கு மட்டும் வருது, அரியலூருக்கு வரமாட்டேங்குது. அரியலூர் டேட்டா தப்பா?" டேட்டாவில் ஒன்றுமில்லை. ரிட்டர்ன் வரி ஒரு டேப் உள்ளே தள்ளி, லூப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. முதல் சுற்றில் பெரம்பலூர் முடிந்ததும் ரிட்டர்ன் வந்துவிட்டது. ஃபங்ஷன் அத்தோடு மூட்டை கட்டிக் கிளம்பிவிட்டது. ரிட்டர்னை லூப்பின் ஃபார் என்ற சொல்லுக்கு நேர்கீழே இழுத்து வையுங்கள். லிஸ்டில் அரியலூரை முதலில் எழுதியிருந்தால் பெரம்பலூர்க்காரர்கள் புகார் சொல்லியிருப்பீர்கள்.

பக்கத்தில் பக்கத்தில் படம் வைக்கும்போது சப்பிளாட்ஸ் இன்னொரு வேடிக்கை செய்யும். சப்பிளாட்ஸ்(1, 2) என்றால் அச்சு என்பது இரண்டு அச்சுகள் கொண்ட அரே. சப்பிளாட்ஸ்(2, 2) என்றால் இரண்டுக்கு இரண்டு அரே. அச்சு[0] என்பது ஒரு வரிசை முழுவதும், அச்சு[0, 1] என்றால்தான் ஒரு கட்டம். சப்பிளாட்ஸ்(1, 1) என்றால்? அரேயே இல்லை, நேராக அச்சு. மாவட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓடும்படி லூப் எழுதியவர், ஒரே மாவட்டத்தைக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கும்போது, அதாவது எது சுலபமோ அதில்தான், விழுவார். ஸ்க்வீஸ் = ஃபால்ஸ் என்று சேர்த்துக் கொடுத்தால் ஒன்றோ பத்தோ எப்போதும் இரு பரிமாண அரேதான் வரும். பிளாட்டுக்கு எப்போதும் லிஸ்ட் என்று முடிவு செய்தவர்கள் இங்கே மட்டும் ஏன் ஆளுக்குத் தகுந்தாற்போல் தருகிறார்கள் என்று கேட்டால், வசதிக்காக என்பார்கள். எனக்கு அந்த வசதி பிடித்ததில்லை.

அடுத்தது ஹிஸ்ட். செட்டிகுளம் பக்கத்துத் தம்பி ஒருவர் சின்ன வெங்காயத்தின் தினசரி விலையைச் சேர்த்து ஹிஸ்டோகிராம் போட்டார். நல்ல யோசனை. ஹிஸ்ட் மூன்று தரும்: ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் விழுந்தது என்ற எண்ணிக்கை, கட்டங்களின் எல்லைகள், வரைந்த பட்டைகள். எண்ணிக்கை, எல்லை, பட்டை = ஹிஸ்ட்(விலை) என்று சரியாகத்தான் வாங்கினார். அதன் மேலேயே ஒரு கோடு ஓட்டலாம் என்று பிளாட்(எல்லை, எண்ணிக்கை) போட்டார். நீளம் ஒத்துவரவில்லை, 11 ஒரு பக்கம், 10 ஒரு பக்கம் என்று எர்ரர். நம் காட்டு வேலிக்குக் கல் ஊன்றியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: பத்து இடைவெளி வேண்டுமென்றால் பதினொரு கல் வேண்டும். ஹிஸ்ட் எதுவும் சொல்லாவிட்டால் பத்துக் கட்டம் போடும், எல்லை பதினொன்று. பக்கத்துப் பக்கத்து எல்லைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தால் பத்து நடுப்புள்ளி கிடைக்கும். கோட்டை அதன் மேல் ஓட்டுங்கள்.

பை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை போதும். ஆட்டோபிசிடி கொடுக்காமல் வரைந்தால் பிரித்தெடுக்க இரண்டு வரும். கொடுத்தால் சதவீத எழுத்துகளும் சேர்ந்து மூன்று. மூன்று பெயர் வைத்துக்கொண்டு ஆட்டோபிசிடியை அழித்தால் எர்ரர். பாக்ஸ்பிளாட் டிக்‌ஷனரி தரும்: பெட்டிக்கு ஒன்று, நடுக்கோட்டுக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று என்று சாவிகள். இரண்டு மாவட்டத்துக்கு நடுக்கோடு 2, மீசை 4. ஸ்கேட்டர் லிஸ்ட் தராது. எத்தனை புள்ளி இருந்தாலும் ஒரே தொகுப்பு, அதற்குக் காற்புள்ளி போடக் கூடாது. பாண்டாஸில் டேட்டாஃபிரேமைப் பிடித்து .பிளாட் என்றால் அதே பெயர்தான், ஆனால் தருவது அச்சு, கோடுகளின் லிஸ்ட் அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இங்கே பலர் குழம்புகிறீர்கள்.

பாரை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூர் 5,65,223 பேர், அரியலூர் 7,54,894 பேர். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே ஆள் குறைந்த மாவட்டம் நம் பெரம்பலூர்தான். இரண்டு பட்டை வரைந்து பட்டைகள் = பார்(...) என்று வாங்குங்கள். அதை அப்படியே பார்_லேபிளுக்குக் கொடுத்தால் பட்டையின் தலைக்கு மேல் எண்ணை எழுதிவிடும். பார்_லேபிள் 2021இல் மேட்பிளாட்லிப் 3.4 பதிப்பில்தான் வந்தது. லேபில் அதற்கும் பழைய பதிப்பு இருந்தால் கிடைக்காது. அப்போது பட்டைகள் மீது ஒரு லூப் ஓட்டி, ஒவ்வொன்றிடமும் கெட்_ஹைட் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இதே எண்களைச் சிஎஸ்வியிலிருந்து படித்தால் வேறு வம்பு. 13ஆம் பாடத்துச் சிஎஸ்வி ரீடர் எண்ணைத் தருவதில்லை. எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காகத்தான் தரும். ஸ்ட்ரிங்கை வைத்து வரைந்தாலும் மேட்பிளாட்லிப் எர்ரர் சொல்லாது. ஒவ்வொரு எழுத்துக்கோர்வையையும் ஒரு வகையாக எடுத்துக்கொண்டு, வந்த வரிசையில் ஒய் அச்சில் சம இடைவெளியில் அடுக்கிவிடும். 900க்கு மேலே 300 நிற்கும். படத்தைப் பார்த்து "இந்த வருஷம் மழை கொட்டியிருக்கு" என்று முடிவே எழுதிவிடுவீர்கள். சந்தேகம் வந்தால் பிளாட் தந்த கோட்டிடம் கெட்_ஒய்டேட்டா கேளுங்கள். எண்களைச் சுற்றி மேற்கோள் குறி இருந்தால் பிடிபட்டது திருடன். ஃப்ளோட்டாக மாற்றுங்கள், மாற்றும் முன் நம் பாணிக் காற்புள்ளிகளை எடுத்துவிடுங்கள், 5,65,223 என்று கொடுத்தால் ஃப்ளோட் வாங்காது.

நம் இரண்டு மாவட்டங்களை வைத்து வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23இல் திரும்பவும் தனி மாவட்டம். மக்காச்சோளமோ முந்திரியோ, மாவட்டவாரியாக ஆண்டுக் கணக்கு எடுத்தால் இந்தச் சேர்க்கையும் பிரிவும் எண்களில் அப்படியே தெரியும். உங்கள் அட்டவணையில் அரியலூருக்கு 2001க்கு முன் காலி, 2001-02இல் ஓர் எண், அடுத்து சில வருடம் காலி, 2007க்குப் பிறகு தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி இடம் ‘நான்’ (என்ஏஎன்) என்ற இல்லாத எண்ணாக மாறும். கோடு அங்கே அறுந்து நிற்கும். இருபுறமும் காலியாக நடுவில் மாட்டிய அந்த 2001-02 புள்ளி? படத்தில் தெரியவே தெரியாது. கோடு என்றால் இரண்டு புள்ளி வேண்டும், ஒற்றைப் புள்ளிக்குக் கோடு கிடையாது. படத்தை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த வருடம் அரியலூர் என்று ஒரு மாவட்டமே இருந்ததில்லை. கெட்_ஒய்டேட்டா கேட்டால் எண் பத்திரமாக உள்ளே இருக்கும். மார்க்கர் = 'ஓ' என்று கொடுங்கள், புள்ளி வெளியே வந்துவிடும். அதே சமயம் பெரம்பலூரின் கோடு அந்த ஆண்டுகளில் ஏறி இறங்கினால் விளைச்சல் மாறியது என்று எழுதிவிடாதீர்கள். எல்லை மாறியிருக்கிறது.

தமிழில் தலைப்பு வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. செட்_டைட்டில்('பெரம்பலூர்') என்று கொடுத்தால் படத்தில் கட்டம் கட்டமாக வரும். கீழே 2986ஆம் எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்று எச்சரிக்கை ஓடும். 2986 என்பது யூனிகோடில் ப. கூடவே, தமிழை இயல்பாகக் கையாளத் தெரியாது என்று மேட்பிளாட்லிப்பே ஒப்புக்கொள்கிற வரியும் பல பதிப்புகளில் வரும். இந்த இடத்தில் புரோகிராமைத் தலைகீழாக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். செட்_டைட்டிலும் ஒன்றைத் திருப்பித் தருகிறது, ஒரு டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட். அதை வாங்கி கெட்_டெக்ஸ்ட் கேட்டுப் பாருங்கள்: பெரம்பலூர் என்று முழுதாக, பிழையில்லாமல் வரும். ஆக, நீங்கள் கொடுத்தது சரி. மேட்பிளாட்லிப்பின் இயல்பான டெஜாவு சான்ஸ் எழுத்துருவில்தான் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவிக் காட்டினால் கட்டம் போய் எழுத்து வரும். ஆனாலும் அந்தப் பதிப்புகளில் எழுத்துகளைச் சேர்த்துக் கோர்க்கும் வேலை நடக்காது. பெ என்பதில் கொம்பு ப-வுக்கு வலப்பக்கம் போய் நிற்கும். லூ இரண்டு துண்டாக வரும். ரிவ்யூ நாளைக்கு முந்தின இரவு இதில் இறங்க வேண்டாம். தலைப்பைப் படத்துக்கு வெளியே, வேர்டில் அடித்துக்கொள்ளுங்கள்.

அனிமேஷன் செய்யும் இறுதியாண்டுக்காரர்களுக்கு மட்டும் இரண்டு வரி. பிளிட் = ட்ரூ கொடுத்தால் உங்கள் அப்டேட் ஃபங்ஷன் மாறிய பொருள்களை வரிசையாகத் திருப்பித் தர வேண்டும்; ரிட்டர்ன் கோடு போதாது, ரிட்டர்ன் கோடு, என்று இங்கேயும் அந்தக் காற்புள்ளி. ஃபங்க்அனிமேஷன் தருவதை ஒரு மாறியில் வாங்கி வையுங்கள். எதிலும் வாங்காமல் விட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று கூட்டிவிடும், படம் அசையாமல் நிற்கும்.

லேபில் சொல்லிக்கொடுக்கும் சார், மேடம் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வைவாவில் "பிளாட் என்ன செய்யும்?" என்று கேட்பதோடு "பிளாட் என்ன திருப்பித் தரும்?" என்றும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சந்தேகம் அனுப்பும் முறை பற்றி. மானிட்டரைச் சாய்வாகப் பிடித்து எடுத்த போட்டோவில் டியூப்லைட் வெளிச்சம்தான் தெரிகிறது. எர்ரரின் கடைசி வரி எப்போதும் ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறது. எர்ரரை எழுத்தாகக் காப்பி பண்ணி முழுவதும் அனுப்புங்கள். அதற்கு முந்தின வரியில் பிரிண்ட்(டைப்(படம்)) என்று போட்டு வந்ததையும், லிஸ்டோ டியூப்பிளோ என்றால் பிரிண்ட்(லென்(படம்)) போட்டு வந்ததையும் சேர்த்து அனுப்புங்கள். மேட்பிளாட்லிப் எந்தப் பதிப்பு என்றும் எழுதுங்கள். டைப் போட்டுப் பார்த்தபோதே விடை தெரிந்துவிட்டால் எனக்கு அனுப்ப வேண்டியதில்லை; குரூப்பில் போடுங்கள், அதே எர்ரரோடு இன்னும் நாலு பேர் அங்கே காத்திருப்பார்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன் ஒருவன்